அடுப்பங்கரையில் ஐந்து பாடங்கள்



பிழைப்பின் நிமித்தம் தமிழகம் நீங்கி வந்து வாழும் நம் குழந்தைகள் கணக்கையும் விஞ்ஞானத்தையும் ஆங்கிலத்திலோ, இந்தியிலோ, அவ்வவ்வூர் மொழியிலோ கற்கின்றனர். அது தவிர்க்க இயலாதது. அதில் குற்றமும் இல்லை. ஆயினும், 'சாப்பிட்டாயா, தூங்கினாயா' என்று கேட்பதற்கு மட்டுமே தமிழ் பயன்படும் என அவர்கள் எண்ணத் தொடங்கிவிடுகின்றனர். இவ்வெண்ணத்தை மாற்றப் பெரிய ஏற்பாடுகள் வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமைக் காலை இட்லியைக் குழந்தைகளைக் கொண்டே செய்வித்து, அவ்வேளையில் தமிழிலேயே உரையாடுவோமாக.

தொழில் வழியே பாடம் கற்பித்தல் புதுக் கருத்தன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் வற்புறுத்திய ஆதாரக் கல்வியின் அடிப்படை அதுவே. தாய்மொழியே பயிற்சி மொழியாதல் வேண்டும் என்பதும் அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று.

முதலாவது கணக்கு. 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து என்றால், 3 தம்ளர் அரிசிக்கு உளுந்து எவ்வளவு? முக்கால் தம்ளர் என்று அளந்து போடும் பிள்ளைக்குப் பின்னம் கைவந்துவிடும். ஐவருக்கு ஆளுக்கு 4 இட்லி. ஓர் ஈட்டுக்கு 12 இட்லி. எத்தனை ஈடு வேண்டும்? இரண்டாம் ஈட்டில் எத்தனை குழிகள் வெறுமையாக நிற்கும்?

அடுத்தது விஞ்ஞானம். ஆட்டி வைத்த மாவில் நுண்ணுயிர்கள் பெருகிக் கரியமில வாயுவை வெளியிடுவதால் மாவு பொங்குகிறது. அவற்றிற்கு வெதுவெதுப்பு வேண்டும். தில்லியின் தை மாதக் குளிரில் மாவுப் பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்தி வைப்பது ஏன் என்பது இப்போது குழந்தைக்கு விளங்கும். நீர் 100 பாகையில் கொதிக்கிறது. சிம்லா போன்ற மலையூரில் காற்றழுத்தம் குறைவாதலால் ஏறத்தாழ 93 பாகையிலேயே கொதித்துவிடும்.

பூகோளத்திற்கு அஞ்சறைப் பெட்டி போதும். கடுகு இராஜஸ்தானத்திலும் உளுந்து மத்தியப் பிரதேசத்திலும் மிகுதியாக விளைவன. படத்தில் அவ்விடங்களைக் குழந்தையே தொட்டுக் காட்டட்டும்.

சரித்திரமும் அங்கேயே உண்டு. மிளகாய் நம் நாட்டுப் பயிரன்று. அமெரிக்கக் கண்டத்தில் தோன்றிய அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் இங்குக் கொணர்ந்தனர். அதற்குமுன் நம்மவர்க்குக் காரம் தந்தது மிளகே. மிளகுபோல் உறைக்கும் காய் மிளகாய் ஆயிற்று.

இனித் தமிழ். மாவை ஆட்டுகிறோம், சட்னியை அரைக்கிறோம், இட்லியை அவிக்கிறோம், வெங்காயத்தை வதக்குகிறோம், மிளகாயை வறுக்கிறோம், அப்பளத்தைப் பொரிக்கிறோம், கடுகைத் தாளிக்கிறோம். இச்சொற்களை எப்பள்ளியும் நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கப் போவதில்லை. அடுப்பங்கரையில் கேளாத குழந்தைக்கு இவை வேறெங்கும் கிட்டா. 'ஈடு' என்னும் சொல் ஒரு தலைமுறையோடு நம் இல்லங்களில் மறைந்துவிடக் கூடும்.

இப்பயிற்சி பெண் மக்களுக்கு மட்டும் உரியதன்று; ஆண் பிள்ளைகளும் அளக்கட்டும், ஊற்றட்டும். கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவது மட்டும் பெரியவர் பொறுப்பாக இருக்கட்டும். தந்தையரும் அன்று செய்தித்தாளைச் சற்றே மடித்து வைத்துவிட்டு உடன் நிற்பாராக. வரும் சனிக்கிழமை காலையிலேயே அரிசியும் உளுந்தும் நனையட்டும்.