மாட்டை நம்பி வாங்க முடியாத மாட்டுப் பண்ணைகள்

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் பெரிய மாட்டுப் பண்ணை ஒன்று விலைக்கு வந்தால், தரகு நிறுவனம் அதற்காக வழவழ தாளில் ஒரு புத்தகமே அச்சிட்டுவிடும். முதல் பக்கங்களில் விடியற்கால மூடுபனி, ஆற்று வளைவு, எல்க் மான் கூட்டம். பிறகு வீடு, விருந்தினர் மாளிகை, சில சமயம் விமானம் இறங்க ஓடுதளம். பட்டா நிலம் இத்தனை ஏக்கர், மாநில அரசுக் குத்தகை இத்தனை, ஒன்றிய அரசுக் குத்தகை இத்தனை, எத்தனை மாடு மேய்க்கலாம் என்ற விவரமெல்லாம் பின்பக்கங்களில் பொடி எழுத்தில் கிடக்கும். மாட்டுப் பண்ணையை விற்கும் விளம்பரத்தில் மாடு கடைசிக்குப் போய்விட்டது.

மொன்டானா, வயோமிங், இரண்டு டகோட்டாக்கள் என்று விரியும் இந்த வட சமவெளி, தமிழ் வாசகர்களுக்கு முற்றிலும் அந்நியம் அல்ல. லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரைப் படித்து வளர்ந்தவர்களுக்குக் குதிரையும் புழுதியும் துப்பாக்கியும் பழக்கம். காமிக்ஸில் வராத ஒரு சண்டை அங்கே இப்போது வீட்டுக்கு வீடு நடக்கிறது. அது பாகப்பிரிவினை.

மூன்று பிள்ளைகள். ஒருவர் மட்டும் ஊரிலேயே தங்கி, மார்ச் மாதக் குளிரில் நள்ளிரவுக்கு எழுந்து ஈனும் பசுக்களைப் பார்த்து, காது உறைந்துபோன கன்றை வண்டிக்குள் தூக்கிப் போட்டு ஹீட்டரில் சூடேற்றி, பண்ணையைக் காப்பாற்றியிருப்பார். மற்ற இருவரும் டென்வரிலோ சியாட்டிலிலோ வேலையில் இருப்பார்கள். தாயும் தந்தையும் காலமானதும் சொத்து மூவருக்கும் சமம். ஆஸ்தி பல லட்சம் டாலர். கையில் ரொக்கம் இல்லை. ஊரில் இருப்பவர் மற்ற இருவரின் பங்கை வாங்க வேண்டுமென்றால் வங்கிக்குத்தான் போக வேண்டும். கடனைக் கட்ட மாட்டைத்தான் நம்ப வேண்டும். மாடு அதைக் கட்டாது.

ஏன் கட்டாது என்பதை ஒரு கணக்குப் போட்டே பார்க்கலாம். மழை குறைந்த அந்தப் புல்வெளியில் ஒரு பசுவும் அதன் கன்றும் ஆண்டு முழுக்கப் பிழைக்கக் குறைந்தது 30 ஏக்கர் வேண்டும். பேச்சுக்கு ஏக்கர் 1,000 டாலர் என்று வைத்தால், ஒரு பசுவுக்கான நிலத்தின் விலை 30,000 டாலர். 7 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 2,100 டாலர். அந்தப் பசு ஆண்டுக்கு ஒரே ஒரு கன்றுதான் ஈனும். அதை இலையுதிர் காலத்தில் விற்று வரும் பணத்தில் வைக்கோல், டீசல், மருந்து, வேலி, கூலி எல்லாம் போக மிச்சம்தான் வட்டிக்கு. அசலைப் பற்றிப் பேச்சே எழாது. இத்தனைக்கும் 2025-ல் கன்று விலை உச்சத்தில் இருந்தது. 2025 ஜனவரிக் கணக்கெடுப்பில் அமெரிக்காவின் மொத்த மாடுகள் 8 கோடியே 67 லட்சம்; 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததே இல்லை. மாடு குறைந்ததால் விலை ஏறியது. விலை ஏறியும் நிலத்தை எட்டிப் பிடிக்க முடியவில்லை.

பண்ணைகள் விற்கப்படுவதற்கு எஸ்டேட் வரிதான் காரணம் என்று அங்கே அரசியல்வாதிகள் மேடைக்கு மேடை சொல்வார்கள். அதை நான் அப்படியே ஏற்க மாட்டேன். 2025-ல் ஒரு தனிநபர் 1 கோடியே 39 லட்சத்து 90 ஆயிரம் டாலர் வரை வாரிசுக்கு விட்டுச் சென்றால் ஒன்றிய அரசுக்கு எஸ்டேட் வரியே கிடையாது. கணவன், மனைவி இருவருக்கும் சேர்த்தால் இது இரண்டு மடங்கு. மொன்டானா மாநிலம் தன் பங்குக்கு வாரிசு வரி எதையும் போடுவதில்லை. மிகப் பெரிய பண்ணைகளுக்குத்தான் இந்த வரி உறைக்கும். சாதாரணப் பண்ணையை அது தொடுவதுகூட இல்லை.

விற்கத் தூண்டுவது வரிச் சட்டத்தின் வேறொரு மூலையில் இருக்கிறது. தாத்தா ஏக்கர் சில டாலருக்கு வாங்கிய நிலத்தை அப்பா தன் ஆயுட்காலத்தில் விற்றால், ஏறிய மதிப்பு முழுவதற்கும் மூலதன ஆதாய வரி. அதையே அவர் இறந்த பிறகு பிள்ளைகள் விற்றால், இறந்த நாளின் சந்தை மதிப்புதான் வாங்கிய விலையாகக் கொள்ளப்படும். தலைமுறைகளாக ஏறிய மதிப்பின் மீதான வரி அப்படியே மறைந்துபோகும். பெரியவர் கண்ணை மூடும்வரை பொறுத்திருந்து, மூடியதும் விற்பதே லாபம் என்று சட்டமே சொல்லிக்கொடுக்கிறது. 'விற்பனைக்கு' என்ற பலகை பெரும்பாலும் ஒரு சாவுக்குப் பின்னால் நடப்படுவதில் வியப்பில்லை.

வாங்குவது யார்? கிரேட் ஃபால்ஸுக்கு மேற்கே சன் ஆற்றங்கரையில் உள்ள புரோக்கன் ஓ பண்ணையை 2012-ல் வாங்கியவர் ஸ்டான் குரோன்கி. ஆர்சனல் கால்பந்து அணியின் முதலாளி. சுமார் 1,24,000 ஏக்கர், அதாவது சென்னை மாநகராட்சியின் பரப்பைவிடப் பெரிது. கேட்ட விலை 13 கோடியே 25 லட்சம் டாலர். சமவெளி முடிந்து மலைகள் எழும் தென்மேற்கு மொன்டானாவில், குத்தகை நிலமும் சேர்த்து 3,40,000 ஏக்கர் கொண்ட பண்ணையை 2021-ல் 20 கோடி டாலருக்கு வாங்கியவர் ஊடக அதிபர் ரூபர்ட் மர்டாக். விற்றது கோக் (Koch) குழுமத்தின் மாட்டடார் நிறுவனம். இவர்களும் மாடு வளர்க்கத்தான் செய்கிறார்கள். ஆனால் கன்று விற்றுக் கடன் அடைக்க வேண்டிய அவசியம் இவர்களுக்கு இல்லை. பணவீக்கத்துக்குப் பயந்து சிலர் தங்கம் வாங்குவார்கள். இவர்கள் புல்வெளி வாங்குகிறார்கள்.

வெளியூர் முதலாளி அந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். மாட்டடார் என்ற பெயரே 1882-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகர வணிகர்கள் வாங்கிய டெக்சாஸ் கம்பெனியிலிருந்து வந்தது. அந்தக் காலத்தில் வட சமவெளியில் வேலியே இல்லாமல் லட்சக்கணக்கில் மாடுகளை அவிழ்த்துவிட்டவர்களில் பலர் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருந்த பங்குதாரர்கள். 1886-87 குளிர்காலம் அவர்கள் கணக்கை முடித்தது. பனிக்கட்டிக்கு அடியில் புல் சிக்கிக்கொள்ள, மந்தை மந்தையாக மாடுகள் செத்தன. டகோட்டாவில் பண்ணை வைத்திருந்த தியடோர் ரூஸ்வெல்ட்டும் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். அதன் பிறகுதான் வேலி போட்டு, கோடையில் வைக்கோல் அறுத்துச் சேர்த்து, குளிரில் தீனி போட்டு வளர்க்கும் முறை நிலைபெற்றது. அதற்கு அங்கேயே குடியிருக்கும் ஆள் வேண்டியிருந்தது. குடும்பப் பண்ணை வேரூன்றியது அப்படித்தான்.

அதற்கும் முந்தைய கணக்கு ஒன்று உண்டு. பிளாக்ஃபீட், குரோ, அசினிபாய்ன், லகோட்டா ஆகிய பூர்வகுடி மக்களின் நிலம் அது. 1880-களின் தொடக்கத்தில் காட்டெருமைக் கூட்டங்கள் துடைத்தெறியப்பட்டன; 1883-84 குளிரில் பிளாக்ஃபீட் மக்கள் நூற்றுக்கணக்கில் பட்டினியால் மாண்டார்கள். நாலு தலைமுறை, ஐந்து தலைமுறை என்று பண்ணைக் குடும்பங்கள் பெருமை பேசும்போது, அந்த எண்ணிக்கை எந்த ஆண்டில் தொடங்குகிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆனாலும் குடும்பம் போய் முதலாளி வரும்போது ஊருக்கு ஏற்படும் நட்டம் நிஜம். வசந்த காலத்தில் கன்றுகளுக்குச் சூடு போடும் நாளில் அக்கம்பக்கப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள். ஒருவர் கயிறு வீசிப் பின்னங்காலைப் பிடிக்க, இருவர் கன்றை அமுக்க, ஒருவர் ஊசி போட, ஒருவர் இரும்பை வைக்க, மதியம் எல்லாருக்கும் அந்த வீட்டில் சாப்பாடு. அடுத்த வாரம் இதே கூட்டம் அடுத்த பண்ணையில் நிற்கும். யாருக்கும் கூலி கிடையாது. ஐந்து வீட்டில் மூன்று வீடு மேலாளர் கையில் போய்விட்டால் இந்த முறை குலையும். ஓரறைப் பள்ளிகள் அதிகம் உள்ள மாநிலம் மொன்டானா. அவற்றில் சில ஒற்றை இலக்கப் பிள்ளைகளோடு ஓடுகின்றன. இரண்டு குடும்பம் கிளம்பினால் பள்ளிக்கூடம் மூடப்படும்.

இந்த ஆத்திரமெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்தால் ஆச்சரியம். மத்திய மொன்டானாவின் சாலையோரங்களில் 'கௌபாயைக் காப்பாற்றுங்கள்' என்ற பதாகைகள் பார்க்கலாம். அவை எதிர்ப்பது கோடீஸ்வரர்களை அல்ல. அமெரிக்கன் பிரெய்ரி என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பை. 2001-ல் தொடங்கிய இது, விலைக்கு வரும் பண்ணைகளை வாங்கி, காட்டெருமைகளை மறுபடி விட்டு, 32 லட்சம் ஏக்கரை ஒரே புல்வெளியாக இணைக்கப் பார்க்கிறது. அதன் அரசுக் குத்தகை நிலம் சிலவற்றில் மாட்டுக்குப் பதில் காட்டெருமை மேய்க்க 2022-ல் ஒன்றிய நில நிர்வாகத் துறை அனுமதித்தபோது, மாநில அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. திட்டத்தை வெளிப்படையாகச் சொல்லி, தன் நிலத்தில் பொதுமக்களை நடக்கவும் விடும் அமைப்புக்கு இத்தனை எதிர்ப்பு. சத்தமில்லாமல் வாங்கி வாயிற்கதவைப் பூட்டுகிறவருக்கு எதிராகப் பதாகை வைக்க ஆள் இல்லை. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அந்தப் பூட்டுதான் விளம்பரப் புத்தகத்தின் பொடி எழுத்தில் இருக்கும் உண்மையான சரக்கு. 1934-ன் டெய்லர் மேய்ச்சல் சட்டத்தின் கீழ், பட்டா நிலம் வைத்திருப்பவருக்குப் பக்கத்து அரசு நிலத்தில் மேய்க்க உரிமம் கிடைக்கிறது. பண்ணை கை மாறினால் அந்த உரிமத்துக்கான முன்னுரிமையும் கூடவே போகும். பசுவுக்கும் கன்றுக்கும் சேர்த்து மாதக் கட்டணம் 2019 முதல் 2025 வரை 1 டாலர் 35 சென்ட். தனியார் புல்வெளியில் இதைப்போலப் பல மடங்கு. இது ஏழைப் பண்ணையாளருக்கான சலுகை என்று நியாயம் சொல்லலாம். கோடீஸ்வரர் வாங்கினாலும் கட்டணம் அதேதான்.

சலுகையைவிடப் பெரிய லாபம், அந்த அரசு நிலத்தைச் சுற்றிலும் தனியார் நிலம் இருப்பது. சட்டப்படி அது எல்லாருக்கும் பொது. போய்ச் சேர வழி கிடையாது. வயோமிங்கின் எல்க் மலையில் 2021-ல் நான்கு வேட்டைக்காரர்கள் சதுரங்கக் கட்டங்கள்போல் அரசு நிலமும் தனியார் நிலமும் மாறிமாறிக் கிடந்த இடத்தில், தனியார் மண்ணில் கால் படாமல் மூலையிலிருந்து மூலைக்கு ஏணி வைத்துக் கடந்தார்கள். பண்ணை உரிமையாளர் அத்துமீறல் என்று வழக்குப் போட்டார். 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் வேட்டைக்காரர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தலையிட மறுத்துவிட்டது. ஆனால் மொன்டானாவும் டகோட்டாக்களும் அந்த நீதிமன்ற வட்டாரத்தில் இல்லை. அங்கே ஏணி வைக்கிறவருக்கு இன்னும் பாதுகாப்பு இல்லை.

குடும்பங்கள் விற்பதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. உழைத்தவர்களின் சொத்து அது. ஆனால் அவர்கள் விற்பதில் ஒரு பகுதி அவர்களுடையது அல்ல. மேய்ச்சல் உரிமங்களின் ஆயுள் பொதுவாக 10 ஆண்டு. பண்ணை கை மாறும் ஒவ்வொரு முறையும் புதிய உரிமையாளருக்கு அந்த உரிமம் வேண்டுமானால், உள்ளே இருக்கும் பொது நிலத்துக்கு ஒரு பாதை விட வேண்டும், சந்தைக்கு நெருக்கமான கட்டணம் கட்ட வேண்டும் என்று அமெரிக்க காங்கிரஸ் சட்டம் இயற்ற வேண்டும். குடியிருந்து மாடு வளர்க்கும் குடும்பத்துக்குப் பழைய கட்டணமே தொடரட்டும்.