முதலில் கம்பி, பிறகு வலை

“அக்கா, உனக்கு இன்னும் பூக்கட்ட வருமா?”

புதன்கிழமை இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த நேரத்தில் தம்பி தொலைபேசியில் இப்படிக் கேட்டான். யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்தேன். இல்லையாம். படகுக்கு வலை கட்ட ஆள் வேண்டுமாம்.

தம்பியும் அவன் அலுவலக நண்பர்கள் இருவரும் கூட்டாக ஒரு பழைய பாய்மரப் படகை வாங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. 30 அடி நீளம். வயதில் என்னைவிடக் கொஞ்சம்தான் இளையது. சாங்கிப் பக்கம் ஒரு படகுத்துறையில் நிறுத்தியிருக்கிறார்கள். “ஊரில் எல்லாரும் கார் வாங்குறாங்க, இவன் மட்டும் படகு வாங்கியிருக்கான்” என்பது அம்மாவின் நிரந்தரப் புலம்பல். சிஓஇ விலையைப் பார்த்தால் படகே பரவாயில்லை என்பது அவன் பதில். மூன்று பேர் பங்கு போட்டுக்கொள்வதை மட்டும் அம்மாவிடம் அவன் அழுத்திச் சொல்வதில்லை.

படகில் அவன் மட்டும் போய்வந்தவரை அம்மா பொறுத்துக்கொண்டார். இரண்டரை வயது மகளையும் கூட்டிப்போகப் போவதாகச் சொன்னதும் ஒரே வார்த்தைதான். “வேலி இல்லாத இடத்துல என் பேத்தியை விடாதே.”

“வேலி இருக்கும்மா” என்றான் தம்பி. இருந்ததுதான். படகின் விளிம்பைச் சுற்றி எஃகுக் கம்பங்கள் வரிசையாக நிற்கும். அவற்றின் வழியாக, மேலே ஒன்றும் நடுவில் ஒன்றுமாக இரண்டு கம்பிவடங்கள் ஓடும். லைஃப்லைன் என்பார்கள். மேல் கம்பியின் உயரம் 60 சென்டிமீட்டர். கடலோடும் பந்தயப் படகுகளுக்கு வோர்ல்ட் செய்லிங் அமைப்பு வகுத்திருக்கும் விதியிலும் இந்த அளவுப் படகுக்குக் குறைந்தபட்ச உயரம் இதுதான்.

நம் அடுக்குமாடி நடைபாதைத் தடுப்பின் உயரம் 1 மீட்டர். அதிலுள்ள இடைவெளியில் 10 சென்டிமீட்டர் பந்து நுழையக்கூடாது என்பது கட்டட விதி. படகிலோ இரு கம்பிகளுக்கும் நடுவே ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான வெட்டவெளி. அது பெரியவர்களுக்கான தடுப்பு. குழந்தைக்கு அது வாசல்.

தவறி விழுந்தால் என்ன, திரும்பிப் போய்த் தூக்கிக்கொள்ளலாமே என்று எனக்கும் தோன்றியது. தம்பி கணக்குச் சொன்னான். சாதாரணமாக ஐந்து நாட் வேகத்தில் போகும் படகு, பத்து விநாடியில் 25 மீட்டர் தாண்டிவிடும். நம்முடைய ஒற்றை மாடிப் பேருந்துகள் இரண்டை வரிசையாக நிறுத்திய தூரம். அதற்குள் யாராவது பார்த்திருக்க வேண்டும், கத்தியிருக்க வேண்டும், பாயை இறக்கவோ திருப்பவோ வேண்டும். அலையில் ஒரு சின்னத் தலை எங்கே தெரியப்போகிறது? அதற்குமேல் நான் கேட்கவில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றேன்.

அவன் ஏற்கெனவே ஒரு வலை வாங்கி வைத்திருந்தான். செடிகொடிக்குக் கட்டும் பச்சை நிறப் பிளாஸ்டிக் வலை. மலிவு. என் பக்கத்து வீட்டு நடைபாதையில் அதே வகை வலை ஒரு வருடமாகத் தொங்குகிறது. விரலால் சுண்டினால் அப்பளம் மாதிரி நொறுங்கும். நம் வெயிலுக்கு அவ்வளவுதான் ஆயுள். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, படகுச் சாமான் கடையில் பாலியெஸ்டர் வலை வாங்கினோம். முடிச்சில்லாமல் பின்னியது, கண் ஒவ்வொன்றும் சுமார் 5 சென்டிமீட்டர். முடிச்சுள்ள வலை காலை உரசும், பாய்த்துணியையும் தேய்க்கும். நைலானும் வைத்திருந்தார்கள். நைலான் அதிகம் இழுபடும். பாலியெஸ்டர் அவ்வளவு இழுபடாது, வெயிலையும் கூடுதலாகத் தாங்கும். இரு பக்கத்துக்கும் சேர்த்து 20 மீட்டர், கட்டுவதற்கு 4 மில்லிமீட்டர் கயிறு ஒரு சுருள்.

சனிக்கிழமை காலை சாங்கி வில்லேஜில் நாசி லெமாக்கை முடித்துக்கொண்டு எட்டரைக்குப் படகில் ஏறினோம். பத்து மணிக்கெல்லாம் வேலை முடியும் என்று திட்டம். எட்டே முக்காலுக்கே நின்றுபோனது.

நிறுத்தியவர் பக்கத்துப் படகின் பாக்சிக். எழுபது வயதுக்குமேல் இருக்கும். முதலில், “தாலி எத்தனை மீட்டர் வாங்கினீர்கள்?” என்று மலாயில் கேட்டார். மலாயில் கயிற்றுக்குத் தாலி என்று பெயர் என்பது தெரிந்திருந்தும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எங்கள் படகில் கால்வைத்து, மேல் கம்பியின் முனையைக் காட்டினார். வெள்ளைப் பிளாஸ்டிக் உறை போட்ட கம்பி. பார்க்கப் பளபளவென்று அழகாக இருந்தது. முனையில் மட்டும் தேநீர்க் கறை போல ஒரு பழுப்புக் கோடு.

“டாவாய் டூலு, பாரு ஜாரிங்” என்றார். முதலில் கம்பி, பிறகுதான் வலை.

தம்பி கத்தியால் உறையை நான்கு விரல் நீளத்துக்குக் கீறினான். உள்ளே துரு. இழைகளில் நாலைந்து ஏற்கெனவே அறுந்து முள் மாதிரி நின்றன. மூன்று வருடமாக இவனும் நண்பர்களும் சாய்ந்து நின்று படம் பிடித்துக்கொண்ட கம்பி அது.

துருப்பிடிக்காத எஃகு எப்படித் துருப்பிடிக்கும் என்று எனக்குச் சந்தேகம். அந்த எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம் ஒன்று உண்டு. காற்றிலுள்ள ஆக்சிஜன் படப்படத்தான் அது நிலைக்கும். பிளாஸ்டிக் உறைக்குள் உப்புத் தண்ணீர் புகுந்து தேங்கினால் ஆக்சிஜன் போவதில்லை. படலம் அழிகிறது, உள்ளுக்குள்ளேயே அரிக்கிறது. வெளியே வெள்ளை வெளேரென்றுதான் இருக்கும். வோர்ல்ட் செய்லிங் விதியும் உறையில்லாத கம்பிவடத்தைத்தான் கேட்கிறது.

இதில் வலை ஒரு விஷயத்தை இன்னும் மோசமாக்கும் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது. துணிக்கொடியை நினைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாகக் கட்டிய கொடியில் ஈரப் போர்வையை நடுவில் போட்டால், சுவரில் அடித்த ஆணியே பெயர்ந்துவிடும். போர்வையின் எடை குறைவுதான். ஆனால் நேர்க்கோடாக இருக்கும் கொடியைப் பக்கவாட்டில் அழுத்தும்போது இரு முனைகளிலும் அதைப்போல் பல மடங்கு இழுவிசை விழுகிறது. வலை இல்லாத கம்பியில் அலை தண்ணீர் அடித்தால் ஊடே போய்விடும். வலை கட்டினால் அந்த அடியிலும் ஒரு பங்கு கம்பிக்குத்தான் போகும். அரித்துப்போன கம்பியில் புது வலை கட்டுவது, உளுத்த உத்தரத்தில் புதுத் தொட்டில் கட்டுவது மாதிரி.

அன்றைக்குக் கட்டியிருந்தால் எல்லாரும் கைதட்டியிருப்போம். குழந்தையையும் ஏற்றியிருப்போம். அந்த நினைப்பு எனக்கு இன்னும் வயிற்றைக் கலக்குகிறது.

கம்பி மாற்ற இரண்டு வாரம் ஆனது. 5 மில்லிமீட்டர் உறையில்லாத எஃகுக் கம்பிவடம், புது முனைப்பிடிகள். கம்பங்களின் அடியில் இருந்த திருகாணிகள் இரண்டு ஆடின, அவற்றையும் கழற்றிப் பசை வைத்து இறுக்கினார்கள். செலவு, வலைக்கு ஆனதைப்போல் நான்கு மடங்கு. பங்காளிகளில் ஒருவர் முகம் சுளித்தாராம். தம்பி கீறிய கம்பித் துண்டை அவர் மேசையில் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான்.

மறுபடியும் ஒரு சனிக்கிழமை. இந்த முறைதான் என் பூக்கட்டும் வித்தைக்கு வேலை வந்தது.

தம்பி முதலில் செய்தது, கயிற்றை வலையின் மேல் வரிசைக் கண்களிலும் கம்பியிலும் மாறி மாறிச் சுருள் சுருளாகச் சுற்றிக்கொண்டே போனது. வேகமாக நடந்தது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. ஊசியில் கோத்த மாலையில் நூல் ஓரிடத்தில் அறுந்தால் பூவெல்லாம் கொட்டிப்போகும். விரலில் தொடுத்த சரத்தில் நடுவில் அறுந்தாலும் அந்த இடத்துப் பூ ஒன்றிரண்டுதான் உதிரும். மற்ற ஒவ்வொரு கண்ணியும் தன்னைத்தானே பிடித்துக்கொண்டிருக்கும். சிராங்கூன் சாலைப் பக்கம் பூக்கடைகளில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அதையே இங்கேயும் செய்யலாமே என்றேன். கயிற்றைக் கம்பிக்கு மேல் கொண்டுபோய், சுற்றி, தன் மேலேயே ஒரு மடக்கு விழும்படி நுழைத்து இழுக்க வேண்டியதுதான். மார்லிங் ஹிட்ச் என்று படகுக்காரர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். கம்பம் வரும் இடத்தில் மட்டும் இரட்டைச் சுற்றுப் போட்டு இறுக்கினோம். பாக்சிக் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். அதுவே பெரிய சான்றிதழ்.

கேபிள் டை போட்டால் ஒரு மணி நேரத்தில் முடியும். பலர் அப்படித்தான் கட்டுகிறார்களாம். வலையைத் தற்காலிகமாக நிறுத்திப் பிடிக்க அது வசதி. நாங்களும் அப்படிப் பயன்படுத்தினோம். ஆனால் வெயிலில் அதுவும் நொறுங்கும், வெட்டிய முனை பிளேடு மாதிரி காலைக் கிழிக்கும். கட்டி முடித்த இடத்தில் அதை வெட்டி எடுத்துவிட்டோம்.

வலையின் கண்கள் சாய்சதுரமாக இருப்பதால் நீளவாக்கில் ரொம்ப இழுத்தால் உயரம் குறைந்துவிடும். அது தெரியாமல் இழுத்ததில் ஒரு பக்கம் கீழே எட்டவில்லை, பாதியை அவிழ்த்துத் திரும்பக் கட்டினோம். கயிறு வெட்டிய இடங்களை லைட்டரால் சுட்டு உருக்கினோம். படகில் ஏறி இறங்கும் திறப்பில் தனித் துண்டாகக் கட்டிக் கொக்கி வைத்தோம். படகுத்துறையில் கட்டும் கயிறுகள் போக முன்னும் பின்னும் வழி விட வேண்டும் என்பதை மறந்துபோய், எல்லாம் முடிந்த பிறகு தம்பி தலையில் கைவைத்தான். அதற்கு ஒரு மணி நேரம்.

கீழ்ப்புறம், தளத்தின் விளிம்பில் ஓடும் துளையிட்ட அலுமினியச் சட்டத்தோடு கட்டினோம். மாலை நாலு மணி, முதுகு ஒடிந்தது, நான்கு துளைக்கு ஒரு கட்டு போதும் என்று இருவருமே ஒப்புக்கொண்டோம்.

பிறகு சோதனை. குட்டியின் எடை 12 கிலோ. பத்துக் கிலோ அரிசிப் பையோடு ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் பாட்டில்கள் இரண்டைச் சேர்த்துப் பழைய படுக்கை விரிப்பில் சுற்றினோம். 13 கிலோ. தம்பி மனைவி அதைத் தளத்தில் உருட்டிவிட்டார். வலை தாங்கியது. ஆனால் மூட்டை அடிப்பக்கம் சறுக்கி, இரண்டு கட்டுகளுக்கு நடுவே வலையைத் தூக்கிக்கொண்டு பாதி வெளியே போய் நின்றது. அரிசிப் பைதான். ஆனாலும் தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். யாரும் எதுவும் பேசவில்லை. திரும்ப உட்கார்ந்து இரண்டு துளைக்கு ஒரு கட்டாகக் கட்டினோம். விளக்குப் போட்டுத்தான் முடித்தோம்.

அடுத்த ஞாயிறு காலை, புலாவ் உபின் பக்கம் ஒரு சின்னச் சுற்று. அம்மாவும் வந்தார். குட்டிக்கு உயிர்காப்பு உடை, கால் இடுக்கு வழியாகப் போகும் பட்டையோடு. போட்ட பிறகு தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். உடை காதுவரை ஏறிக் குழந்தை நழுவினால் அளவு சரியில்லை. ஒரு குட்டிச் செருப்பும் பிஸ்கட் டப்பாவும் வலையில் போய் விழுந்து நின்றன. அம்மா திருப்தியோடு தலையாட்டினார்.

இழுவைப் படகு ஒன்று கிளப்பிவிட்ட அலையில் எல்லாரும் கம்பத்தைப் பிடித்த நேரம், குட்டி வலையை இரண்டு கையாலும் பற்றி, கால்விரலைக் கண்ணுக்குள் நுழைத்து, நடுக்கம்பியில் ஏறி நின்றாள். அவளுக்கு அது விளையாட்டுத்திடல். மேல் கம்பி அவள் இடுப்புக்குக் கீழே போய்விட்டது. தம்பி மனைவி பக்கத்திலேயே இருந்ததால் உடையின் பின்பிடியைப் பற்றி இறக்கினார். வலை இல்லாத படகில் அவள் ஏறியிருக்கவே முடியாது. நாங்கள்தான் ஏணி கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து படகு நகர்ந்தால் குட்டி உட்காரும் பள்ளத்துக்குள்தான், இடுப்பில் குட்டையான பட்டை மாட்டி. ஒரு பெரியவரின் வேலை அவளைப் பார்ப்பது மட்டுமே. அவர் கயிற்றைத் தொடக்கூடாது, கைப்பேசியையும். அரை மணிக்கு ஒருமுறை ஆள் மாறுவார்கள். மாறும்போது “இனி நீ” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நான்கு பேர் இருக்கும் இடத்தில் நாலு பேரும் மற்றவர் பார்ப்பதாக நினைத்துக்கொள்வதுதான் வழக்கம். கல்யாண மண்டபத்தில் தினம் நடப்பது.

ஜூன் மாதமும் டிசம்பர் மாதமும் ஒவ்வொரு கட்டையும் இழுத்துப் பார்ப்பதாகத் தம்பி கைப்பேசியில் நினைவூட்டல் போட்டிருக்கிறான். முனைப்பிடிகளையும்தான். எனக்கும் அதை அனுப்பிவைத்திருக்கிறான், வரவேண்டும் என்று அர்த்தம்.

மிச்சமான ஒன்றரை மீட்டர் வலையை அம்மா வாங்கிக்கொண்டு போனார். பாகற்கொடிக்காம். போன வாரம் போனபோது பார்த்தேன். கட்டிவிட்டார். கண்ணிக்குக் கண்ணி, பூத்தொடுக்கும் முடிச்சு. அந்தப் பழைய மூங்கில் கம்புகளை மட்டும் அப்புறப்படுத்தியிருந்தார். “உளுத்துப் போயிருந்துச்சு” என்றார்.