மே மாதத்துக்கு என்ன செய்வது?

2025 மார்ச்சில் ஒரு அரசுக் கலைக் கல்லூரியில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்தக் கல்லூரி என்பது இங்கே வேண்டாம். தலைப்பு 'ஆசிரியப் பணியில் அர்ப்பணிப்பும் மனநலனும்'. பாலவாக்கம் கடற்கரையில் காலை நடை, பேரனைப் பள்ளி வேனில் ஏற்றுவது, இந்த இரண்டையும் விட்டால் எனக்கு வேறு வேலை கிடையாது. ஒப்புக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் பேசினேன். நேரத்துக்குத் தூங்குங்கள், நடங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், கல்லூரி வேலையை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள் என்றெல்லாம் சொன்னேன். கைதட்டி, பொன்னாடை போர்த்தினார்கள். கேள்வி நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"சார், நான் பன்னிரண்டு வருஷமா இங்க கௌரவ விரிவுரையாளர். மே மாசம் எங்களுக்குச் சம்பளம் கிடையாது. அந்த மாசத்துக்கு ஏதாவது மூச்சுப் பயிற்சி இருக்கா?"

அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். "நல்ல கேள்வி" என்று சொல்லி அடுத்தவரைப் பார்த்தேன். திரும்பி வரும்போது, பஸ் செங்கல்பட்டைத் தாண்டிய பிறகுதான், நான் பதிலே சொல்லவில்லை என்பது உறைத்தது.

நான் 1979இல் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். 700–1600 ஸ்கேல். எங்கள் துறையில் இருந்த மூத்தவர்கள் பழைய கதைகளைச் சொல்வார்கள். மார்ச்சில் அனுப்பிவிட்டு ஜூனில் மறுபடி எடுத்துக்கொள்வார்களாம், கோடை விடுமுறைக்குச் சம்பளம் கொடுக்காமல் தப்பிக்க. சம்பளப் பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் கிடைப்பது வேறொரு தொகை. அதற்கெல்லாம் கடிவாளம் போட ஆசிரியர் சங்கங்கள் எத்தனையோ வருடம் போராடின. தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் ஒழுங்குமுறைச் சட்டம் 1976இல் வந்தது. நான் சேர்ந்தது அதற்கு மூன்று வருடம் கழித்து. அதாவது, சமைத்தவர்கள் வேறு, இலையில் உட்கார்ந்தவன் நான். 1987இல் நாடு முழுவதும் கல்லூரி ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது நானும் கொடி பிடித்தேன் என்பது மட்டும்தான் என் கணக்கில் வரும்.

தனியார் நிர்வாகிகளிடம் சண்டை போட்டு ஒழித்த அந்தப் பதினொரு மாதச் சம்பளத்தை இன்று அரசே வைத்திருக்கிறது. தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் 7,000க்கும் மேற்பட்ட கௌரவ விரிவுரையாளர்கள். முனைவர் பட்டமோ நெட், செட் தேர்ச்சியோ பெற்றவர்கள் அவர்களில் ஏராளம். நான் பேசப்போன சமயத்தில் மாதத் தொகுப்பூதியம் 25,000 ரூபாய். பல்கலைக்கழக மானியக் குழு 2019இலேயே வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000 வரை தரலாம் என்று சொல்லிவிட்டது. நிரந்தரப் பணிக்கு 2019இல் ஓர் அறிவிப்பு வந்து நிறைவேறாமல் போனது. 2024இல் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவித்தார்கள், ஆகஸ்ட் தேர்வு தள்ளிப்போனது. முப்பது வயதில் காத்திருக்க ஆரம்பித்தவர் நாற்பதைத் தாண்டிவிடுகிறார். இவர்களுக்கு 'கௌரவ' என்று பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!

கடற்கரையில் என்னோடு நடக்கும் நண்பர்கள், எல்லோரும் ஓய்வு பெற்றவர்கள், "இந்தக் காலத்துப் பசங்களுக்கு டெடிகேஷனே கிடையாது" என்பார்கள். நானும் சேர்ந்து தலையாட்டியிருக்கிறேன். என் டெடிகேஷன் எங்கிருந்து வந்தது? ஒன்றாம் தேதி சம்பளம். ஓய்வூதியம் உண்டு என்ற தைரியம். வீட்டை முழுக்கத் தன் தலையில் தூக்கிக்கொண்ட மனைவி. 1991இல் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் விடைத்தாள் திருத்தும் முகாமுக்குப் போய்க்கொண்டிருந்தேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கேட்டிருந்தால் விட்டிருப்பார்கள். அதை ரொம்ப நாள் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் அந்தக் கதையை ஆரம்பித்தால் என் மனைவி எழுந்து உள்ளே போய்விடுவாள். ஏன் என்று ஓய்வு பெற்ற பிறகுதான் கேட்டேன். "அன்னிக்கு உங்கப்பா மூணு தடவை உங்களைக் கேட்டார்" என்றாள்.

ஆகவே அர்ப்பணிப்பு என்ற சொல்லைக் கேட்டால் இப்போது எனக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. என்னைப் போல நிரந்தர வேலையில் இருந்தவனுக்கு அது வீட்டை மறக்க ஒரு சாக்கு. நிர்வாகத்துக்கோ, குறைந்த கூலிக்கு வேலை வாங்க ஒரு சாக்கு. தொகுப்பூதியக்காரர்தான் சேர்க்கைக்கு உட்காருகிறார், நாக் குழு வந்தால் இரவு வரை கோப்பு அடுக்குகிறார், லீவில் போனவரின் வகுப்பையும் பார்க்கிறார். மறுத்தால் அடுத்த வருடம் பெயர் இருக்காதோ என்ற பயம். அந்தப் பயத்துக்கு நாமும் அர்ப்பணிப்பு என்று பெயர் சொல்லிவிடுகிறோம். லட்சத்துக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு பத்து வருடப் பழைய நோட்ஸை வாசிக்கும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. அவர்களுக்கு வேண்டுமானால் நான் இன்னொரு முறை உபதேசம் செய்கிறேன்.

யோகா வேண்டாம், மனநல ஆலோசகர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கே நடை உதவியிருக்கிறது. ஆனால் வாடகைக்கு என்ன செய்வது என்று யோசிக்கிறவருக்குத் தூக்கம் ஏன் வரவில்லை என்று ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. பன்னிரண்டு மாதச் சம்பளம், காலாகாலத்தில் தேர்வு, பணிக்காலத்துக்கு ஒரு மதிப்பு. இந்த மூன்றையும் கொடுத்துவிட்டுப் பிறகு மூச்சுப் பயிற்சிக்குக் கூப்பிடலாம்.

அன்று எனக்குக் கொடுத்த கவரில் 3,000 ரூபாய் இருந்தது. அந்தப் பெண்ணின் ஏறக்குறைய மூன்றரை நாள் ஊதியம். இந்த வருடமும் அதே கல்லூரியிலிருந்து அழைப்பு வந்தது, அதே தலைப்பு. தலைப்பைக் கொஞ்சம் மாற்றி, மே மாதச் சம்பளத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். பிரின்ஸ்பாலைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார்கள். மூன்று வாரம் ஆகிறது.