ஷிஃப்ட் அசதி என்ற சாக்கு

ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒருவர் பகலில் தூங்கி வழிந்தால் ஏன் என்று யாரும் கேட்பதில்லை. “நைட்டு சி ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்திருப்பாரு” என்ற பதில் தயாராக இருக்கிறது. அதே மனிதர் படுத்ததும் சுவர் அதிரக் குறட்டை விட்டால் அதற்கும் ஒரு பதில் உண்டு: “உழைச்ச உடம்பு, அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குது, எழுப்பாதீங்க.” தனித்தனியாகக் கேட்டால் இரண்டும் கரிசனமான பேச்சுதான். சேர்த்து வைத்துப் பார்த்தால் கணக்கு உதைக்கிறது. ஏழெட்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போல் தூங்கி எழுந்தவருக்கு, கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுமே ஏன் கண் சொருக வேண்டும்? கேன்டீனில் சாப்பிட்டு எழுவதற்குள் ஏன் தலை சாய வேண்டும்? குறட்டை என்றால் நல்ல தூக்கம் என்ற நம்பிக்கை இந்தக் கேள்வியை எழவே விடுவதில்லை. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், செல்போன் உதிரிபாகம் என்று இரவு பகலாக உற்பத்தி ஓடும் ஊரில் அந்த நம்பிக்கையால் விளையும் கேடு மற்ற ஊர்களைவிட அதிகம். நோயை மறைக்க இங்கே ஒரு சாக்கு எப்போதும் கைவசம் இருக்கிறது.

குறட்டை எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொண்டாலே அந்த நம்பிக்கை பாதி ஆட்டம் கண்டுவிடும். விழித்திருக்கும்போது நாக்கையும் அண்ணத்தையும் இழுத்துப் பிடித்திருக்கும் தசைகள் தூக்கத்தில் தளர்கின்றன. மல்லாந்து படுத்தால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிகிறது. குறுகிப்போன வழியில் காற்று நுழையும்போது உள்நாக்கும் மெல்லண்ணமும் அதிர்வதால் வருவதே அந்தச் சத்தம். பாதை சுருங்கியிருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் அறிய முடியாது. தூக்கம் ஆழமானதா என்பதை அறியவே முடியாது. சிலருக்குப் பாதை சுருங்குவதோடு நிற்காமல் முழுதாக ஒட்டிக்கொள்கிறது. அப்போது சத்தம் நின்றுவிடும். பக்கத்தில் படுத்திருப்பவர் ‘அப்பாடா’ என்று நினைக்கும் அந்த நொடிகளில் மார்பும் வயிறும் முட்டி மோதும், காற்று மட்டும் உள்ளே போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும். பத்தோ இருபதோ நொடி கழித்து மூளை பதறிப்போய்த் தூக்கத்தைக் கலைக்கும், ஒரு பெரிய செருமலோடு மூச்சு திரும்பும், மறுபடி குறட்டை. இதற்குத்தான் ஸ்லீப் ஆப்னியா என்று பெயர். மூச்சு 10 நொடியாவது நின்றாலோ வெகுவாகக் குறைந்தாலோ ஒரு முறை என்று எண்ணுகிறார்கள். சராசரியாக மணிக்கு 5 முறையை எட்டினால் நோய், 15 என்றால் மிதமானது, 30 என்றால் கடுமையானது. மணிக்கு 30 என்றே வைத்துக்கொண்டாலும் ஏழு மணி நேரத்தில் 210 முறை மூச்சு தடைபட்ட மனிதர் அவர். ஒவ்வொரு விழிப்பும் சில நொடிதான் என்பதால் காலையில் ஒன்றும் நினைவிருக்காது. “நான் நல்லாத்தான் தூங்கினேன்” என்று அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அதை நம்பி முடிவெடுக்கவும் முடியாது.

இது எங்கோ யாருக்கோ வரும் நோய் என்று ஒதுக்கவும் வழியில்லை. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் இந்தியாவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2023-ல் வெளியிட்ட கட்டுரை, வயது வந்தவர்களில் சுமார் 11 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகவும், வேலை செய்யும் வயதில் மட்டும் 10.4 கோடி பேர் இருக்கலாம் என்றும் மதிப்பிட்டது. ஆண்களில் 13 சதவீதம், பெண்களில் 5 சதவீதம். பாடகர் பப்பி லாஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது மருத்துவமனை இந்த நோயைக் காரணமாகச் சொன்னது. செய்தி நாடெங்கும் போனது. ஆனால் அந்தச் செய்தி கூடவே ஒரு படத்தையும் பதித்துவிட்டுப் போனது என்று நினைக்கிறேன்: பருத்த உடல், வசதியான வாழ்க்கை, அதற்கேற்ற நோய். பருமன் பெரிய காரணம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தாடை சிறுத்து உள்வாங்கியவர்கள், கழுத்து குட்டையானவர்கள், டான்சில் பெருத்தவர்கள் ஒல்லியாக இருந்தாலும் இதற்கு ஆளாகிறார்கள். ஆசியர்களின் முக அமைப்பே, அதிகப் பருமன் இல்லாமலும் பாதை அடைபடுவதற்கு ஒரு காரணம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்பு கூடுகிறது. அவர்களோ குறட்டையைச் சொல்லக் கூச்சப்பட்டு, அசதி, தலைவலி, தூக்கம் வரவில்லை என்றே டாக்டரிடம் போகிறார்கள்.

இந்த நோயை நோயாளியால் பார்க்க முடியாது. பக்கத்தில் விழித்திருக்கும் இன்னொருவர்தான் பார்க்க முடியும். ஓசூரில் அந்த இன்னொருவர் இல்லை. சி ஷிஃப்ட் முடித்து வந்து காலை எட்டு மணிக்குப் படுப்பவரின் மனைவி அந்நேரம் வேலைக்குப் போயிருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். ஒரே அறையை நாலைந்து பேர் பகிர்ந்துகொள்ளும் இளைஞர்கள் வெவ்வேறு ஷிஃப்டில் இருப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் குடும்பம் ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. அறையில் எல்லோரும் சேர்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் குறட்டை கேலிப்பொருள், அவ்வளவுதான். லாரிகளின் கதை இன்னும் மோசம். ஒரு காலத்தில் கிளீனர் கூட இருந்தார். செலவைக் குறைக்க இன்று பல லாரிகளில் டிரைவர் தனியாகப் போகிறார், கேபினில் தனியாகப் படுக்கிறார். குறட்டையை ‘நல்ல தூக்கம்’ என்று தவறாகப் புரிந்துகொள்ளக்கூட அங்கே ஆளில்லை.

“ஷிஃப்ட் வேலையே தூக்கத்தைக் கெடுக்காதா?” என்று கேட்பார்கள். கெடுக்கும், சந்தேகமே இல்லை. வாரத்துக்கொரு முறை நேரம் மாறினால் உடம்பின் கடிகாரம் குழம்பும். பகல் தூக்கம் இரவுத் தூக்கத்துக்கு ஈடாகாது. ஆனால் ஷிஃப்ட் ஒரு காரணம் என்பதால் அது மட்டுமே காரணம் ஆகிவிடாது. பிரித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. பொங்கலுக்கோ ஆயுத பூஜைக்கோ ஊருக்குப் போய் நாலைந்து நாள் இரவில் நிம்மதியாகத் தூங்கிய பிறகும் பகலில் கண் சொருகுகிறதா? அப்படியானால் குற்றவாளி ஷிஃப்ட் மட்டும் அல்ல. காலையில் வாய் வறண்டு தலை கனக்கிறதா, மூன்று மாத்திரை போட்டும் பிரஷர் இறங்காமல் அடம் பிடிக்கிறதா, இரவில் இரண்டு மூன்று தடவை சிறுநீர் கழிக்க எழ வேண்டியிருக்கிறதா? இவையும் இந்த நோயைக் காட்டலாம். கடைசியாகச் சொன்னதைப் பலரும் சுகர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள். அடைத்த மூச்சோடு மார்பு போராடும்போது இதயத்தின் அறை விரிந்து, சிறுநீரைக் கூட்டும் ஹார்மோனைச் சுரக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அசதி தீர ஒரு குவாட்டர் போட்டுவிட்டுப் படுப்பது ஷிஃப்ட் சாக்கின் இன்னொரு விளைவு. மது தொண்டைத் தசையை இன்னும் தளர்த்தி, மூச்சு நிற்கும் நேரத்தை நீட்டுகிறது. தூக்க மாத்திரைகள் சிலவும் அப்படித்தான்.

இதையெல்லாம் தனிமனிதரின் சொந்தப் பிரச்சினை என்று விட்டுவிட முடியாதபடி ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இருப்பிடம் தடுக்கிறது. ஸ்ரீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் சாலையும் சென்னை செல்லும் 48-ஆம் எண் சாலையும் இங்கே பிரிகின்றன. கிரானைட் கல்லும், மாம்பழக் கூழும், புது வண்டிகளை ஏற்றிய கன்டெய்னர்களும் இரவெல்லாம் போகின்றன. தெற்கே தொப்பூர் கணவாய் இறக்கம் எத்தனை உயிரைக் குடித்தது என்பதைத் தருமபுரிக்காரர்களிடம் கேட்கலாம். விபத்து என்றால் பிரேக் பிடிக்கவில்லை, டிரைவர் கண்ணயர்ந்துவிட்டார் என்று செய்தி முடிந்துவிடும். ஏன் கண்ணயர்ந்தார்? அமெரிக்காவில் ஒரு பெரிய லாரி நிறுவனத்தின் டிரைவர்களை வைத்து 2016-ல் வெளியான ஆய்வு, இந்த நோய் இருந்தும் சிகிச்சையை ஏற்காதவர்கள் செய்த, தவிர்த்திருக்கக்கூடிய கடும் விபத்துகள் மற்றவர்களைவிட ஐந்து மடங்கு என்று கண்டது. 2001-ல் கனடாவில் வந்த ஆய்வோ சிகிச்சைக்குப் பின் விபத்து விகிதம் மற்றவர்களின் அளவுக்கே இறங்கியதைக் காட்டியது. பிரிட்டனில் பகல் தூக்கத்தோடு இந்த நோய் இருந்தால் ஓட்டுநர் உரிம அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். நம்மூர் உரிமத்துக்கான மருத்துவச் சான்றில் கண் பார்வை, நிறம் பிரித்தறிதல், காது எல்லாம் உண்டு. தூக்கத்தில் மூச்சு நிற்கிறதா என்று தனியாக ஒரு கேள்வி இல்லை.

சரி, நோய் என்று ஒப்புக்கொண்டவர்களையும் அதே நம்பிக்கை இன்னொரு உருவில் துரத்துகிறது. குறட்டையை வெறும் சத்தமாகவே பார்த்துப் பழகியவர் சத்தத்துக்கு மருந்து தேடுகிறார். மூக்கில் ஒட்டும் பட்டை, சொட்டு விடும் எண்ணெய், யூடியூபில் பார்த்த முகவாய்ப் பட்டை. அண்ணத்தை வெட்டிச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சையிலும் இதே ஆபத்து உண்டு: சத்தம் குறைந்து, மூச்சு மட்டும் பழையபடி நின்றுகொண்டிருக்கலாம். டான்சிலும் அடினாய்டும் பெருத்த குழந்தைகளுக்கு அறுவை நல்ல பலன் தரும். பெரியவர்களுக்கு யாருக்குப் பலிக்கும் என்பதைப் பரிசோதனை இல்லாமல் சொல்ல முடியாது. ஆகவே முதலில் ஸ்லீப் ஸ்டடி. மூக்கில் சிறு குழாய், மார்பில் பட்டை, விரலில் கிளிப் என்று வீட்டிலேயே செய்துகொள்ளும் முறையும் இப்போது இருக்கிறது. கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடக்கும் ஆக்சிமீட்டரை விழித்திருக்கும்போது மாட்டிப் பார்த்து 98 இருக்கிறது என்று திருப்திப்படுவதில் அர்த்தமில்லை. விரிவான சோதனை வேண்டுமென்றால் அத்திப்பள்ளியைத் தாண்டினால் பெங்களூரு. மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸே அங்கே ஓசூர் ரோட்டில்தான் இருக்கிறது.

மிதமான, கடுமையான நோய்க்கு முதல் தேர்வு சிபாப் கருவி. சிட்னியில் மருத்துவர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட யோசனை அது: மூக்கின் மேல் முகமூடி வைத்து, மெல்லிய அழுத்தத்தில் காற்றை ஓயாமல் செலுத்தினால் பாதை ஒட்டாது. “ஒருதடவை மாட்டினா வாழ்நாள் பூரா மாட்டணும், பழகிடும்” என்பது இதற்கெதிரான பெரிய பேச்சு. மூக்குக் கண்ணாடி போட்டால் கண் அதற்கு அடிமையாகிவிடும் என்பதைப் போன்றது அது. கழற்றினால் பழைய நிலை திரும்புமே தவிரப் புதிதாக எதுவும் கெடாது. உண்மையான சிரமங்கள் வேறு. முகமூடி சரியான அளவில் இல்லையென்றால் காற்று கசிந்து கண் எரியும், வாய் வறளும்; முதல் வாரத்தில் பாதி ராத்திரி கழற்றி எறியத் தோன்றும். கெலமங்கலம், சூளகிரி பக்கம் கரண்ட் போனால் கருவியும் நிற்கும், பேட்டரி தனிச் செலவு. கருவியே பல ஆயிரம் ரூபாய் ஆகும். பெரிய தொகைதான், ஆனால் தவணையில் வாங்கும் இருசக்கர வண்டியைவிடக் குறைவு. நோய் லேசாக இருந்தால், பல் உறுதியாக இருப்பவர்களுக்குப் பல் டாக்டர் செய்து தரும், கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளும் கிளிப் போதும். மல்லாந்து படுக்கும்போது மட்டும் வருபவருக்கு ஒருக்களித்துப் படுக்கப் பழகுவதே பாதி வைத்தியம். எடையைக் குறைத்தால் போதாதா என்றால், பலருக்கு நிறையவே உதவும்: 2000-ல் வந்த விஸ்கான்சின் ஆய்வில் எடை 10 சதவீதம் குறைந்தால் மூச்சு நிற்கும் எண்ணிக்கை 26 சதவீதம் குறையும் என்று கணக்கிட்டார்கள். மணிக்கு 40 என்பது ஏறத்தாழ 30 ஆகும், அதுவும் கடுமையின் விளிம்புதான். பருமனோடு இந்த நோயும் உள்ளவர்களுக்கு டிர்செபடைட் ஊசியை 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதித்தது. இந்தியாவில் 2025 மார்ச்சில் சர்க்கரைக்கும் பருமனுக்கும் விற்பனைக்கு வந்தது. விலையும் விளைவும் பார்த்துத்தான் இறங்க வேண்டும், ஒல்லியானவருக்கு அதில் வேலையே இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் வைக்கும் ஆட்சேபம் ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள் 2,717 பேரை வைத்து நடந்த ‘சேவ்’ ஆய்வு 2016-ல் வெளியானது. சிபாப் கொடுத்தும் மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. அப்படியானால் எதற்கு இந்தக் கருவி? அவர்கள் அதை இரவில் சராசரியாக 3.3 மணி நேரமே மாட்டியிருந்தார்கள். பகலில் கடுமையாகத் தூங்கி விழுபவர்களை ஆய்வில் சேர்க்கவும் இல்லை. இதயத்தைக் காக்கும் என்று அளவுக்கு மீறி விற்பவர்களுக்கு அந்த ஆய்வு சரியான குட்டு. ஆனால் அதே ஆய்வில் பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை தேறியது, வேலைக்கு மட்டம் போட்ட நாட்கள் குறைந்தன. பிரஸ் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காருகிறவருக்கும் முதலில் வேண்டியது அதுதான்.

எல்லாவற்றையும்விட வலுவான எதிர்ப்பு மருத்துவத்தைப் பற்றியது அல்ல, பிழைப்பைப் பற்றியது: “சொன்னா வண்டி தர மாட்டாங்க, கான்ட்ராக்ட்ல இருந்து தூக்கிடுவாங்க.” இந்தப் பயத்தை அறியாமை என்று சொல்ல எனக்கு மனமில்லை. குறட்டை நல்ல தூக்கம் என்று நம்புவதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அது வேலையைக் காப்பாற்றுகிறது. ஆகவே நம்பிக்கையை மட்டும் திட்டிப் பயனில்லை. வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்ட் 5 அன்று இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. அந்தப் பணியாளர் கையிலும் கம்பெனிகளின் வருடாந்திரப் பரிசோதனையிலும் கழுத்துச் சுற்றளவை அளக்க ஓர் அங்குல நாடாவும், “கூடப் படுக்கிறவங்க உங்க மூச்சைப் பத்தி ஏதாவது சொல்றாங்களா?” என்ற கேள்வியும் சேர்வதற்குச் செலவு ஒன்றுமில்லை. நோய் இருப்பதாகத் தெரிந்தால் இரவு வேலையிலிருந்து சில வாரம் மாற்றுவோம், சிகிச்சை பலித்ததும் அதே வேலையைத் திரும்பத் தருவோம் என்று கம்பெனி எழுத்தில் கொடுப்பதற்குத்தான் செலவு. அந்தக் காகிதம் கைக்கு வராதவரை எந்த ஒப்பந்தத் தொழிலாளியும் அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் சொல்ல மாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.