மண்ணெண்ணெயில் ஓடிய கார்

நண்பரின் மகன் வாங்கிய ஹைபிரிட் குடும்பக் காரைச் சென்ற வாரம் ஓட்டிப் பார்த்தேன். ஒஸ்டின் ஏ40 சோமர்செற்றில் பழகிய கைகளுக்கு அது வேறோர் உலகம். ஸ்டியறிங் ஒரு விரலுக்குப் பணிந்தது. மோதினால் விரியும் காற்றுப்பைகளும் இருந்தன. ஆசனப்பட்டியே இல்லாமற் பிறந்த என் கார் இந்த இடத்தில் தோற்றதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

திரும்பும் வழியில் மஞ்சள் விளக்கொன்று எரிந்தது. பானெற்றைத் திறந்தேன். எஞ்சினைக் கறுப்பு மூடியொன்று மறைத்திருந்தது. "கொம்பியூட்டரில் போட்டுத்தான் பார்க்கவேணும், அங்கிள்" என்றான் பையன்.

இதைத்தான் முன்னேற்றம் என்கிறார்கள். 1990இல் வடக்கின்மீது பொருளாதாரத் தடை விழுந்து பெற்றோல் அற்றுப்போனபோது, யாழ்ப்பாணத்து மெக்கானிக்குகள் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் மண்ணெண்ணெயில் ஓடவைத்தார்கள். சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை உயிர்ப்பித்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். நோயாளிகளும் கர்ப்பிணிகளும் அப்படித்தான் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள். (புகையைக் குறைசொல்ல அன்று எவருக்கும் மனம் வரவில்லை.) அந்த மெக்கானிக்குகளுக்குப் பட்டம் இருக்கவில்லை, திறந்து பார்க்கக்கூடிய எஞ்சின் இருந்தது.

பழைமை மோகம் என்று சிரிப்போரே, காற்றுப்பையும் எரிபொருட் சிக்கனமும் வேண்டாமென்று யார் சொன்னார்? அவற்றோடு, பழுதறியும் தகவல்களையும் ஊர்க் கராஜ்காரனுக்குக் கொடுப்பதில் உற்பத்தியாளருக்கு என்ன நட்டம்? அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்தே இந்த உரிமையைப் பெற்றார்கள். நாமோ காசைக் கொட்டி வாங்கிய காரின் முன்னே கைகட்டி நிற்கிறோம்.

மஞ்சள் விளக்கு இன்னமும் எரிகிறது. அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம்.