பொட்டலம் கொடுத்தால் போதுமா?



ஆண்டுதோறும் டிசம்பர் மாதம் வந்துவிட்டால், கோலசிலாங்கூர் வட்டாரத் தேவாலயக் குழுவினர் சிலர் வேன் ஏறி, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் கடந்து கோலாலம்பூருக்குச் செல்கின்றனர். நடைபாதையில் உறங்குவோருக்குச் சோற்றுப் பொட்டலமும் போர்வையும் வழங்குகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், விடியுமுன் திரும்பிவிடுகின்றனர்.

பசித்தவருக்குச் சோறிடுவதைக் குறைகூற நான் வரவில்லை. 2014இல் தலைநகர் மையத்தில் இலவச உணவு வழங்குவதைத் தடைசெய்ய அமைச்சர் முற்பட்டபோது, அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள் உணவளித்துவந்த தொண்டர்கள்தாம். ஆனால், என் கேள்வி வேறு. அந்த வேன் புறப்படும் ஊரிலேயே உள்ள வீடற்றவர், அதில் அமர்ந்திருப்போர் கண்ணில் ஏன் படவில்லை?

நம் ஊரில் ஏது வீடற்றவர் என்கிறீர்களா? நடைபாதையில் தேடினால் கிடைக்கமாட்டார். உறவினர் வீட்டுச் சமையற்கட்டில், கோயில் மண்டபத்தில், இடிபடக் காத்திருக்கும் லயத்தின் கடைசி வீட்டில் தேடுங்கள். என் மாணவி ஒருத்தி பள்ளிப் பாரத்தில் முகவரிக்கான இடத்தை வெறுமையாக விட்டிருந்தாள். காரணம் கேட்டேன். "எந்த வீட்டை எழுதுவது, சார்?" என்றாள். அவளுடைய தாத்தா நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர்.

தோட்டத்து வீடு வேலையோடு வருவது, வேலையோடு போவது. தொழிலாளர் குடியிருப்பு எந்தத் தரத்தில் இருக்கவேண்டும் என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. அது தொழிலாளிக்கே சொந்தமாகும் என்று சொல்லவில்லை. மேரி, சுங்கை திங்கி, நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த 245 குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கு மேல் போராடின. 2023இல்தான் அவர்களுக்கு 245 வீடுகள் கட்டித்தரும் திட்டம் தொடங்கியது. அதற்குள் கண்மூடிய முதியவர்களுக்கு யார் பதில் சொல்வது?

தேவாலயம் செல்வோர் நல்ல சமாரியன் கதையை நன்கறிவர். அடிபட்டுக் கிடந்தவனுக்கு அவன் பொட்டலம் கொடுத்துவிட்டுப் போகவில்லை. காயத்தைக் கட்டினான், தன் வாகன விலங்கின்மேல் ஏற்றினான், சத்திரத்தில் சேர்த்தான், செலவுக்குப் பணம் கொடுத்தான், மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் சொன்னான். அந்தத் 'திரும்பி வருதல்'தான் இரக்கம். நம்மிடம் இல்லாததும் அதுவே!

எனவே, அன்பர்களே:

1. முதலில் பெயரைக் கேளுங்கள்; கதையைக் கேளுங்கள். படம் வேண்டா.

2. அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இல்லாதவர் எந்த உதவிக்கும் மனுச் செய்ய இயலாமல் தவிக்கிறார். பதிவு இலாகாவுக்கும் சமூகநல இலாகாவுக்கும் உடன் செல்லுங்கள். முதல்முறை திருப்பி அனுப்பினால், இரண்டாம் முறையும் உடன் செல்லுங்கள்.

3. போர்வைக்குச் செலவிடும் பணத்தைச் சேர்த்து, ஒரு முதியவருக்கு வாடகை அறையின் முன்பணத்தைக் கட்டுங்கள்.

4. உங்கள் சபையில் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் தோட்டத் தொழிலாளி யார்? வேலை முடிந்தபின் எங்கே குடியிருப்பார்? இன்றே கேளுங்கள்.

5. சோற்றுக்கு விலையாகச் செபத்தைக் கேட்காதீர்கள். பசித்தவருக்கு மறுக்கும் உரிமை இருக்கவேண்டும்.

அதிகாரிகளை அழைத்துவிட்டால் கடமை முடிந்தது என்பாரும் உளர். 1977ஆம் ஆண்டின் ஆதரவற்றோர் சட்டப்படி, அத்தகையோரைப் பிடித்துச் சென்று, நீதிமன்ற ஆணையின்பேரில் மூன்றாண்டு வரை இல்லத்தில் தங்கவைக்க இயலும். அதையும் காப்பு என்கிறோம். நம் மணிமேகலையோ அமுதசுரபியுடன் சிறைக்குள் சென்று, அந்தச் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள்! வகுப்பறையில் அவள் கதையைச் சொல்கிறோம். வாசலுக்கு வெளியே மறந்துவிடுகிறோம்.

தேவாலயத்தாரைப் பற்றித்தானே எழுதியிருக்கிறார் என்று கோயிலுக்குச் செல்வோர் தப்பிக்கவேண்டா. அன்னதான வரிசையில் நின்றவர் இரவில் எங்கே படுத்தார் என்று நாமும் கேட்டதில்லை.

இந்த ஆண்டும் வேன் புறப்படட்டும். ஆனால், புறப்படுமுன் நம் தோட்டத்து லயத்தின் கடைசிக் கதவை ஒருமுறை தட்டிவிட்டுப் போகட்டும். தட்டுவோமா?