எங்கள் ஊர்ப் பெயரை ஐந்து துண்டாக்கும் கணினி

ஏழாயிரம்பண்ணை என்ற பெயரில் எத்தனை எழுத்து? எங்கள் ஊரில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேளுங்கள், விரல் விட்டு எண்ணி எட்டு என்று சொல்லும். கணினி 13 என்கிறது. காலையும் கொம்பையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணுகிறது, போகட்டும். ஆனால் பைத்தானில் உள்ள வழக்கமான ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம் "சொல்லைப் பிடித்துக் கொடு" என்றால் ஏழ, ய, ரம, பண, ண என்று ஐந்து துண்டாக நறுக்கிக் கொடுக்கிறது. காலும் கொம்பும் புள்ளியும் சொல்லில் சேர்த்தி இல்லையாம்!

வங்கியின் கணினிப் பிரிவில் வேலை பார்த்த காலத்திலிருந்து இந்த ரெகுலர் எக்ஸ்பிரஷனோடு எனக்குப் பழக்கம். தெரியாதவர்களுக்கு நம்மூர்க் கணக்கில் சொல்கிறேன். ஒரே வெடியைத் திரும்பத் திரும்பக் கோர்த்தால் சரவெடி. (2018ல் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது தனிக் கதை.) அதுபோல, "இந்த எழுத்து ஒன்றோ பலவோ அடுத்தடுத்து வந்தால் பிடி" என்று ஒரு பிளஸ் குறியால் சொல்லிவிடலாம். 1950களில் கணித அறிஞர் க்ளீனி வகுத்த யோசனை. 1968ல் கென் தாம்சன் அதை உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். அருமையான கருவி, சந்தேகமே இல்லை.

தமிழுக்கு வந்தால்தான் கோளாறு. "ணை" எழுதிப் பக்கத்தில் பிளஸ் போட்டால், ணை திரும்ப வருகிறதா என்று பார்க்காது. கொம்பு மட்டும் திரும்ப வருகிறதா என்று தேடும். வெடியை விட்டுவிட்டுத் திரியை மட்டும் கோர்ப்பது போல.

இதெல்லாம் கம்ப்யூட்டர்காரர்கள் தலைவலி, நமக்கென்ன என்கிறீர்களா? எங்கள் தெருவில் பட்டாசு ஆலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இணையத்தில் ஒரு படிவம் நிரப்பிக் கொடுத்தேன். "பெயர், தமிழில்" என்று அவர்களே போட்ட கட்டம். சரியாகத்தான் எழுதினேன். "எழுத்துகள் மட்டுமே அனுமதி" என்று சிவப்பில் வந்து நின்றது. அப்படியானால் நான் எழுதியது என்னவாம்? பக்கத்தில் இருந்த தம்பி, "சார், இங்கிலீஷ்ல அடிச்சு விட்ருங்க" என்றான். இங்கிலீஷில் அந்தப் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, ரேஷன் கார்டில் ஒரு மாதிரி, பாஸ்புக்கில் வேறு மாதிரி. தமிழில் மட்டும்தான் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி. அந்த ஒரே மாதிரியைத்தான் கணினி எழுத்தே இல்லை என்கிறது. நாளைக்குப் பெயர் பொருந்தவில்லை என்று பணம் நின்றால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அலைவது அந்தப் பெண்தான், நிரல் எழுதியவர் இல்லை.

"யூனிகோடே தப்பு, டேஸ்-16 வந்திருந்தால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரே எண்" என்று சில நண்பர்கள் சொல்வார்கள். தமிழக அரசு 2010ல் இரண்டையும் ஏற்றது உண்மைதான். ஆனால் இந்தப் பழியை யூனிகோட் மேல் போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கென்றே யூனிகோட் எழுதி வைத்த வழிகாட்டி, உயிர்க்குறிகளையும் புள்ளியையும் சொல்லோடு சேர்க்கத்தான் சொல்கிறது. பெர்ல் அப்படித்தான் செய்கிறது. பைத்தான்காரர்களிடம் தேவநாகரியை வைத்து 2007லேயே புகார் போயிற்று. ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் மோசம்: அங்கே "சொல் எழுத்து" என்றால் ஏ முதல் இசட் வரை, எண்கள், ஓர் அடிக்கோடு. அவ்வளவுதான். தமிழில் ஒன்றுகூடத் தேறாது. தமிழ் எழுத்து என்று தனியாகக் கேட்கும் வசதி 2018லேயே அதில் வந்துவிட்டது. கேட்பதற்குத்தான் ஆள் இல்லை.

தமிழ்நாட்டு மக்களுக்காகத் தமிழ்நாட்டில் உட்கார்ந்து படிவம் செய்கிறவர்களைத்தான் கேட்கிறேன். எழுத்து என்று நீங்கள் எழுதும் இடத்தில் "அல்லது குறி" என்று சேர்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு நிமிடம். சோதித்துப் பார்க்க "ஜான்", "ஸ்மித்" என்று அடிக்கிறீர்களே, அந்தக் கட்டத்தில் ஒரே ஒரு தடவை உங்கள் அம்மாவின் பெயரைத் தமிழில் அடித்துப் பார்த்தீர்களா?